ஈஸ்ட்ரோஜன் ஏற்பிப் பரிசோதனையை மறுபடி செய்துகொண்ட அனுபவம்

மார்பகக் கட்டியை அகற்றிய பின் எனக்குக் கிடைத்த நோயியல் அறிக்கையில், பெண்மை ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 'இல்லை' என்றும், புரோஜெஸ்டிரோன் ஏற்பி 30 விழுக்காட்டு உயிரணுக்களில் 'உண்டு' என்றும், புற்று வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதம் 'இல்லை' என்றும் இருந்தது. கட்டி முதல் தரத்தைச் சேர்ந்தது. அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் பரவல் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்த புற்றுநோய் மருத்துவர், கீமோதெரபியைப் பற்றிய பேச்சை எடுக்கும் முன்பே, "இது பொருந்தவில்லையே அம்மா, பிளாக்கை வாங்கி இன்னோர் ஆய்வுக்கூடத்தில் காட்டிவிடுங்கள்" என்றார்.

பொருந்தாத இடம் எது என்பதை அவரே விளக்கினார். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்பது உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் புரதம். ஈஸ்ட்ரோஜன் வந்து சேர்ந்ததும் அது இரண்டிரண்டாக இணைந்து, டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களைப் பற்றிக்கொண்டு, குறிப்பிட்ட சில மரபணுக்களை இயங்க வைக்கிறது. அவ்வாறு இயங்கும் மரபணுக்களுள் ஒன்றுதான் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உருவாக்குகிறது. எனவே முன்னது இல்லாமல் பின்னது மட்டும் இருப்பது அரிது. அதிலும் மெதுவாக வளரும் முதல் தரக் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை என்று வந்தால், கட்டியைச் சந்தேகிப்பதைவிடப் பரிசோதனையைச் சந்தேகிப்பதே முறை என்றார்.

பிளாக் என்பது திசுவின் ஒரு துண்டை மெழுகில் பதித்து, சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் எண் எழுதி வைத்திருப்பது. நோயாளி கேட்டால் அதைக் கொடுப்பார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. மருத்துவரின் கடிதம், அடையாள அட்டையின் நகல், பதிவேட்டில் கையெழுத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தருவேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றோடு கிடைத்தது. கட்டியிலிருந்து எடுத்த ஒரேயொரு பிளாக்கைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாப் பிளாக்குகளையும் கேட்டு வாங்கும்படி மருத்துவர் கடிதத்திலேயே எழுதியிருந்ததால், அதைக் காட்டி மற்றவற்றையும் பெற்றேன். அந்த ஒரு வரிதான் பின்னர் பெரிதும் உதவியது. வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும் என்று அங்கிருந்த ஊழியர் எச்சரித்ததால், பயணம் முழுவதும் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

இரண்டாவது ஆய்வுக்கூடத்தில் நோயியல் மருத்துவர் பழைய ஸ்லைடையும் புதியதையும் நுண்ணோக்கியில் எனக்கே காட்டினார். பிளாக்கிலிருந்து சீவிய திசுவுக்குச் சாயமேற்றும் இம்முறையில் ஏற்பி இருக்கும் கருக்கள் பழுப்பாகவும், இல்லாதவை நீலமாகவும் தெரியும். பழைய ஸ்லைடில் புற்று உயிரணுக்கள் எல்லாம் நீலம். ஆனால் அவர் சுட்டிக்காட்டியது, ஓரத்தில் இருந்த நோயில்லாத பால் நாளங்களை. எந்தப் பெண்ணின் மார்பிலும் அந்நாளங்களின் உயிரணுக்களில் சிலவாவது பழுப்பாக வேண்டும். அங்கும் முழு நீலமாக இருந்தால், 'ஏற்பி இல்லை' என்று எழுதவே கூடாது, 'பரிசோதனை செல்லாது' என்றுதான் எழுத வேண்டும். முதல் அறிக்கையில் அந்த நாளங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கட்டியின் ஓரப்பகுதியிலிருந்து எடுத்த வேறொரு பிளாக்கில் நாளங்களும் பழுப்பு, புற்றும் பழுப்பு. 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கருக்களில் அடர்த்தியாக ஏறியிருந்தது. அமெரிக்க நோயியல், புற்றுநோய் மருத்துவ அமைப்புகள் 2010-இல் வகுத்த நெறிப்படி 1 விழுக்காடு இருந்தாலே 'உண்டு' என்று கொள்ள வேண்டும் என்னும்போது, என் நிலையில் ஐயத்துக்கே இடமில்லை.

காரணமும் ஓரளவு பிடிபட்டது. அறுவை நடந்தது சனிக்கிழமை மாலை. எடுத்த திசுவைக் குறுக்கே கீறாமல் அப்படியே, திசு கெடாமல் காக்கும் பார்மலின் திரவம் உள்ள ஜாடியில் போட்டு, திங்கட்கிழமைதான் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பார்மலின் திசுவுக்குள் மிக மெதுவாகத்தான் ஊறும். உள்ளே போய்ச் சேர்வதற்குள் நடுப்பகுதி கெடத் தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் இட வேண்டும், மெல்லிய துண்டுகளாகக் கீற வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்பது நெறி. அனுப்பிய படிவத்தில் எடுத்த நேரத்தைக் குறிக்கும் கட்டம் காலியாகவே இருந்தது. பல லட்சம் ரூபாய்க் கருவியில் சாயமேற்றும் பரிசோதனையின் தலைவிதி ஒரு ஜாடியில் தீர்மானமாகிவிடுகிறது என்பதை இன்றும் என்னால் சீரணிக்க முடியவில்லை.

சிகிச்சை அடியோடு மாறியது. கீமோதெரபி வேண்டாம் என்று முடிவாகி, கதிர்வீச்சு முடிந்ததும் டமாக்சிஃபென் 20 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, 5 ஆண்டுகளுக்கு எழுதினார். இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் 1962-இல் கருத்தடை மருந்து தேடும்போது டோரா ரிச்சர்ட்சன் உருவாக்கிய மூலக்கூறு இது. 1977-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்றது. பேருந்து இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் போல, ஈஸ்ட்ரோஜன் அமர வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. ஏற்பியின் வடிவம் மாறிவிடுவதால், மரபணுவை இயக்கத் துணை நிற்கும் புரதங்கள் அதனுடன் சேர முடிவதில்லை. ஏற்பி உள்ளவர்களுக்கு 5 ஆண்டு எடுத்துக்கொள்வது மார்பகப் புற்றால் நேரும் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. ஏற்பி இல்லாதவர்களுக்குப் பயனே இல்லை. முதல் அறிக்கையை வேறு யாரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காக, அதன் மேலேயே 'மறுபரிசோதனையில் மாறியது' என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

மாத்திரையோடு வாழ்வது தனிப் பாடு. திடீரென முகமும் கழுத்தும் கொதித்து வியர்க்கும், இரவில் அதிகம். இதற்காக வேறொரு மருத்துவர் பராக்சிடின் எழுதியபோது, கடைக்குப் போகும் முன் என் மருத்துவரிடம் கேட்டேன். டமாக்சிஃபெனைக் கல்லீரலில் அதன் வீரியமான வடிவத்துக்கு மாற்றும் நொதியை அம்மருந்து தடுத்துவிடும் என்று சொல்லி, வென்லாஃபாக்சினாக மாற்றிவிட்டார். கருப்பையில் இம்மருந்து ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்வதால், வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு இருந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார். மாதவிடாய் முற்றிலும் நின்றபின், ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கும் லெட்ரசோல் போன்ற மருந்துக்கு மாறலாமா என்று இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கப் போகிறார், அதுவரை டமாக்சிஃபென்தான்.