வைக்கோல் போரும் நான் எழுதிய இரண்டு பக்கமும்

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உளவியலாளராகச் சேர்ந்து அது நான்காவது வருடம். வாரத்தில் ஒரு நாள் சிறைக்கும் போய்க் கைதிகளிடம் பேசிவிட்டு வருவேன். அதனால் குற்றவாளி மனசு அந்த மேடத்துக்குத் தெரியும் என்று போலீஸ்காரர்கள் மத்தியில் ஒரு பெயர் வந்திருந்தது, எனக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. ஒரு நாள் ஓர் இன்ஸ்பெக்டர் தேடி வந்தார். பக்கத்துப் பக்கத்து ஊர் இரண்டில் ஆறு வாரத்துக்குள் ஐந்து வைக்கோல் போர் எரிந்துபோயிருந்தது, ஓர் இடத்தில் போருக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டியும் செத்துவிட்டது. "எப்படிப்பட்ட ஆள்னு ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், நாங்க பிடிச்சுக்குறோம்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஆண், 20 வயதிலிருந்து 30-க்குள், கல்யாணம் ஆகாதவன், நிலையான வேலை கிடையாது, யாரோடும் ஒட்டமாட்டான், தீ எரியும்போது கூட்டத்தில் நின்று பார்த்திருப்பான், மனநல சிகிச்சை எடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. படித்த பாடமும் சிறையில் கேட்ட கதைகளும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் வந்து விழுந்தது. எரிந்த இடத்தை நான் போய்ப் பார்க்கவில்லை. போரைப் பறிகொடுத்த ஐந்து பேரில் ஒருவரிடம்கூடப் பேசவில்லை.

நான்காம் நாள் ஓர் இளைஞனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் பிரிவில் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவன். தனியாகத் திரிவான், இரண்டு தடவை தீப்பிடித்த இடத்தில் நின்றிருக்கிறான். போர் எரிந்தால் ஊரே ஓடிவந்து நிற்கும், அவனும் நின்றான். அவனை வைத்திருந்த இரண்டாம் நாள் என்னைப் பேசிப் பார்க்கச் சொன்னார்கள். சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான், முன்னால் டம்ளரில் டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக விரல்கள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. "நான் எரிச்சிருந்தா எரிச்சேன்னு சொல்லிடுறேன் மேடம், எனக்குத்தான் ஞாபகம் இல்லையே" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்னும் ஒரு ராத்திரி வைத்திருந்தால் அவன் ஒப்புக்கொண்டிருப்பான், என் இரண்டு பக்கமும் சரியாகப் போயிருக்கும்.

அந்த ஸ்டேஷனில் ஓய்வுபெறப் போகும் வயதில் ஓர் ஏட்டு இருந்தார். அவர் என் தாளைப் படிக்கவே இல்லை. ஐந்து போர்க்காரர்களின் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு, இவர்கள் ஐந்து பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஊருக்குள் விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு வண்டிப்பாதைத் தகராறில் ஐந்து பேருமே ஒரே ஆளுக்கு எதிராகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள். அந்த ஆளுக்கு வயது 54, பேரன் பேத்தி எடுத்தவர், ஊரில் மரியாதையானவர். கடைசிப் போர் எரிந்த இரவு அவரை அந்த வரப்பில் பார்த்ததாக இரண்டு பேர் பிறகு வந்து சொன்னார்கள். நான் எழுதியதில் சரியாக இருந்தது ஆண் என்பது மட்டும்தான்.

அப்புறம்தான் குற்றவாளி எப்படிப்பட்டவன் என்று ஊகித்து எழுதும் இந்த 'புரொஃபைலிங்' துறையின் வரலாற்றை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். 1956-ல் நியூயார்க்கில் பல வருடங்களாகக் குண்டு வைத்துக்கொண்டிருந்தவனைப் பற்றி ஜேம்ஸ் பிரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் சொன்ன விவரங்களில், அவன் டபுள் பிரெஸ்ட் கோட்டைப் பொத்தான் போட்டு அணிந்திருப்பான் என்பது இன்றுவரை எல்லாரும் சொல்லும் கதை. ஆனால் அந்தக் குண்டுக்காரன் ஜார்ஜ் மெட்டெஸ்கியின் பெயரைக் கண்டெடுத்தவர் கான் எடிசன் மின் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலிஸ் கெல்லி. பழைய நஷ்டஈட்டு ஃபைல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, குண்டுக்காரன் கடிதத்தில் வந்த அதே வார்த்தைகள் ஒரு தொழிலாளியின் பழைய புகாரில் இருப்பதைப் பார்த்தார். அதைப் படித்தபோது எனக்கு அந்த ஏட்டுதான் ஞாபகம் வந்தார்.

அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-யின் ஆட்கள் 36 பாலியல் கொலையாளிகளைச் சிறையில் பேட்டி கண்டு, திட்டமிட்டுச் செய்கிறவர், தாறுமாறாகச் செய்கிறவர் என்று பிரித்ததை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தேன். 36 பேருமே பிடிபட்டவர்கள், பேசச் சம்மதித்தவர்கள். சிறையில் நான் செய்ததும் அதேதான். குற்றம் செய்தவனின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு, அதில் குற்றத்துக்கான காரணத்தைத் தேடுவது. அதைத் தலைகீழாகத் திருப்பி, இப்படி ஒரு வாழ்க்கை வாழ்கிறவன்தான் செய்திருப்பான் என்று சொல்ல முடியாது. என் இரண்டு பக்கத்துக்குப் பொருந்துகிறவர்கள் எங்கள் புறநோயாளிப் பதிவேட்டிலேயே பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறார்கள், அவர்களில் யாரும் ஒரு தீக்குச்சியைக்கூட வீணாகக் கிழித்தவர்கள் இல்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது லண்டனில் விம்பிள்டன் காமன் என்ற திறந்தவெளியில் 1992-ல் நடந்த, ரேச்சல் நிக்கல் என்ற இளம் தாயின் கொலை வழக்கு. உளவியலாளர் ஒருவர் போட்டுக் கொடுத்த புரொஃபைலுக்குக் காலின் ஸ்டாக் என்பவர் பொருந்துகிறார் என்று நினைத்து, காதலிப்பதாக நடிக்க ஒரு பெண் போலீஸையே அனுப்பி அவர் வாயைப் பிடுங்கப் பார்த்தார்கள். 1994-ல் நீதிபதி அந்தச் சாட்சியத்தை ஏற்கவே மறுத்துவிட்டார். உண்மையில் செய்தவன் ராபர்ட் நாப்பர், 2008-ல்தான் ஒப்புக்கொண்டான். ஸ்டாக் உள்ளே இருந்த நேரத்தில், 1993 நவம்பரில், நாப்பர் இன்னொரு தாயையும் அவருடைய நான்கு வயதுக் குழந்தையையும் கொன்றிருந்தான்.

இப்போதும் போலீஸ் கேட்டால் நான் உதவுகிறேன், இந்த வேலையில் எனக்கு நம்பிக்கை போகவில்லை. 1986-ல் லண்டனில் நடந்த தொடர் பாலியல் தாக்குதல், கொலை வழக்கில் டேவிட் காண்டர் என்ற உளவியலாளர் குற்றம் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, ஆள் குடியிருப்பது கில்பர்ன் பக்கம் என்று சொன்னார், குற்றவாளி ஜான் டஃபி அங்கேதான் இருந்தான். இடம், நேரம், யாருக்கு நடந்தது, என்ன தெரிந்திருந்தால் இதைச் செய்ய முடியும், இவைதான் இப்போது நான் முதலில் கேட்பவை. போகாத இடத்தைப் பற்றி எழுதுவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் கீழே எதை வைத்துச் சொல்கிறேன், எது வந்தால் இது தவறு என்று எழுதிவிடுகிறேன். சிகிச்சை எடுத்திருக்கலாம் என்ற வரியை அந்த நாளுக்குப் பிறகு எழுதியதே இல்லை.

அந்த இளைஞனை விட்ட மறுவாரம் அவன் அம்மா மருத்துவமனைக்கு வந்திருந்தார். சண்டை போட வரவில்லை. "பைத்தியம்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு ஊருல பேசுறாங்கம்மா, நீங்களா எழுதுனீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாத்திரைச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவன் நான்கு மாதம் மாத்திரைக்கு வரவில்லை. ஐந்தாம் மாதம் வந்தான். இப்போதும் வருகிறான், வெளிப் பெஞ்சின் ஓரத்தில் டோக்கனைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், என் அறைக் கதவு திறந்தால் தலையைக் குனிந்துகொள்வான்.