பிக்கப் வண்டியின் சைடு மிரரில் இண்டிகேட்டர்

செடி ஏற்றிய வண்டிக்குப் பின்னால் போயிருந்தால் தெரியும், அங்கே வண்டி என்று ஒன்று கண்ணில் படாது. அரிக்கா பனையும் வாழைக்கன்றும் அடைத்துக்கொண்டு நிற்கும். ஓலையை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பத்து கிலோமீட்டர் போவதற்குள் காற்றில் அவிழ்ந்து டெயில் டோருக்கு வெளியே தொங்கிவிடும், அதற்குள் எங்கேயோ இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருக்கும். எரிகிறது என்பது நமக்குத் தெரியும், பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. செங்கல்பட்டுப் பக்கம் நர்சரி வைத்திருக்கிறோம். எங்கள் பொலேரோ பிக்கப் வாரத்தில் பாதி நாள் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில், அதாவது ஓஎம்ஆரில்தான் ஓடுகிறது. அந்த வண்டியின் இரண்டு கண்ணாடிகளிலும் இண்டிகேட்டர் மாட்டியதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பின்பக்கத்தை விடுங்கள், அதற்கு ஓலையைக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. உண்மையான தலைவலி இடது பக்கம். சிக்னலில் நிற்கும்போது இடது ஓரத்தில் ஒரு அடி இடம் விட்டால் போதும், நாலு பைக் வந்து சொருகிவிடும். அப்படி வந்து நம் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறவரின் கண்ணுக்கு எந்த விளக்கு தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். முன் இண்டிகேட்டரை அவரால் பார்க்க முடியாத கோணம், பின் இண்டிகேட்டரை அவர் தாண்டி வந்தாயிற்று, ஃபெண்டரில், அதாவது முன்சக்கரத்துக்கு மேல் இருக்கிற தகரத்தில் உள்ள குட்டி விளக்கு அவர் முழங்கால் உயரத்தில் இருக்கும். நாம் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டுத்தான் இடது பக்கம் திரும்புவோம், அவரும் நேராகத்தான் போவார், இரண்டு பேரும் தங்கள் பக்கம் சரி என்றுதான் சண்டை போடுவோம். ஆனால் அவர் தலை எங்கே இருக்கிறது? சரியாக நம் சைடு மிரர் உயரத்தில். விளக்கும் அங்கேதான் இருக்க வேண்டும்.

லாரியில் இந்த வேலையைச் செய்வது கிளீனர். இடது ஜன்னலில் இருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, கதவைப் பட்பட்டென்று தட்டி, கையை ஆட்டி பைக்காரரை நிறுத்துவார், அப்புறம் டிரைவருக்கு "ரைட், வரட்டும் வரட்டும்". பிக்கப்பில் கிளீனர் கிடையாது. ஒரு ஆள் சம்பளத்துக்கே கணக்குப் பார்க்கிற தொழில் இது. இடது பக்கம் தட்ட ஆளில்லாத வண்டிக்கு அந்த இடத்தில் ஒரு விளக்காவது வேண்டும் என்பது என் வாதம்.

கார்களில் இது பழைய சமாச்சாரம். மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் 1998-லேயே கண்ணாடிக்குள் இண்டிகேட்டர் வந்துவிட்டது, இன்றைக்குச் சின்ன ஹேட்ச்பேக்கிலேயே இருக்கிறது. ஆளை மட்டும் ஏற்றிப் போகிற வண்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள், சுமையை ஏற்றி விளக்கையே மறைத்துக்கொண்டு போகிற வண்டிக்குப் பெரும்பாலும் இல்லை. என்ன நியாயமோ.

சரி, பொருளுக்கு வருவோம். சென்னையில் புதுச் சாமான் என்றால் மவுண்ட் ரோடு பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய வண்டியில் கழற்றியது என்றால் புதுப்பேட்டை. மூன்று வகை கிடைக்கும். இண்டிகேட்டரோடு வருகிற முழு மிரர் செட் ஒன்று. பார்க்க அழகு, விலையும் அதிகம், நம் கதவின் துளைக்குப் பொருந்துகிற மாடல் கிடைக்க வேண்டும். இரண்டாவது, கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டுகிற அம்புக்குறி எல்இடி. அதற்குக் கண்ணாடியின் பின்பூச்சைச் சுரண்ட வேண்டும், பகல் வெயிலில் சரியாகத் தெரிவதும் இல்லை. மூன்றாவது, மிரரின் கவரில் வெளியே ஒட்டுகிற எல்இடி பட்டை. ஜோடி சில நூறு ரூபாய்தான். நான் இதைத்தான் எடுத்தேன்.

பட்டையிலேயே ஓடுகிற மாதிரி எரிவது ஒன்று இருக்கிறது. உள்ளிருந்து வெளியே வெளிச்சம் ஓடும். கடையில் பேட்டரியில் நேராகக் கொடுத்துக் காட்டினால் அட்டகாசமாக இருக்கும். வண்டியில் அப்படி இல்லை. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை சிமிட்ட வேண்டும் என்பது விதி. நடுவாக 90 என்று வைத்தால் ஒரு சிமிட்டலில் விளக்கு எரிவது சுமார் மூன்றில் ஒரு பங்கு நொடி. ஐரோப்பிய விதிப்படி இந்த ஓட்டம் 200 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிட வேண்டும். விலை குறைந்த பட்டைகளுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. முக்கால் தூரம் ஓடுவதற்குள், விளக்கைச் சிமிட்ட வைக்கிற ஃபிளாஷர் கரண்டை நிறுத்திவிடும், ஓரத்தில் இருக்கிற எல்இடி, அதாவது பைக்காரருக்குத் தெரிய வேண்டிய அந்த எல்இடி, எரியவே எரியாது. மொத்தமாக எரிந்து மொத்தமாக அணைகிற சாதாரணப் பட்டையை வாங்குங்கள். வெள்ளையும் ஆரஞ்சும் சேர்ந்த இரட்டை நிறப் பட்டையும் வேண்டாம், வெள்ளை எரிந்துகொண்டே இருந்தால் ஆரஞ்சு வந்ததை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

கடைக்காரர் கூடவே ஒரு தங்க நிற ரெசிஸ்டரையும் எடுத்து வைப்பார். "எல்இடி போட்டா இண்டிகேட்டர் பட்டபட்டன்னு அடிக்கும் சார், இதையும் போட்டுக்குங்க" என்பார். வாங்காதீர்கள். பழைய பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எல்இடி போட்டால்தான் அப்படி ஆகும். முன்னால் ஒரு 21 வாட், பின்னால் ஒரு 21 வாட், ஃபெண்டரில் 5 வாட், ஆக ஒரு பக்கத்துக்கு 47 வாட் லோடு என்று வையுங்கள். ஒரு 21 வாட் பல்ப் போனால் லோடு கிட்டத்தட்ட பாதியாகக் குறையும், ஃபிளாஷர் வேகமாக அடிக்கும். பல்ப் ஃப்யூஸ் போனதை டிரைவருக்குச் சொல்வதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நாம் எதையும் கழற்றவில்லை, இருக்கிற லைனோடு இரண்டு வாட் பட்டையைக் கூடுதலாகச் சேர்க்கிறோம், அவ்வளவுதான். லோடு குறையவே இல்லை, அப்புறம் குறைந்த லோடை ஈடுகட்டுகிற ரெசிஸ்டர் எதற்கு? இன்னொன்றும் உண்டு. 6 ஓம் ரெசிஸ்டர் 12 வோல்ட்டில் 24 வாட் சூட்டைக் கக்கும், அதைக் கொண்டுபோய் கதவுக்குள் பிளாஸ்டிக் பக்கத்தில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு, நாளைக்கு நிஜமாகவே ஒரு பல்ப் போனால் ரெசிஸ்டர் அதை மறைத்துவிடும்.

வயரிங்தான் வேலையே. எங்கள் வண்டியின் மிரர் கையால் திருப்புகிற ரகம், மோட்டார் இல்லை, அதனால் மிரருக்குள் ஒரு வயர்கூடப் போகவில்லை. எல்லாம் புதிதாக இழுக்க வேண்டும். சிக்னலை எங்கிருந்து எடுப்பது? அந்தந்தப் பக்கத்து ஃபெண்டர் விளக்கின் வயரில் இருந்து எடுப்பது சுலபம், இடது இடத்தோடும் வலது வலத்தோடும் குழப்பமில்லாமல் போய்விடும். நிறத்தை நம்பி வயரைத் தொடாதீர்கள். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பாருங்கள், கூடவே சிமிட்டினால் அதுதான்.

இணைக்கும்போது வயரைச் சுரண்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதுதான் வழக்கம். நம் ஊர் வெயிலில் அந்தப் பசை இளகி ஒழுகி, ஒரு சித்திரை முடிவதற்குள் டேப் தானாக அவிழ்ந்து நிற்கும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள், எலக்ட்ரிஷியன் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக ஒரு 1 ஆம்ப் ஃப்யூஸ் கட்டாயம். பட்டை இழுக்கிற கரண்ட் அதில் கால் பங்குகூட இராது, ஆனால் மிரரில் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனால் இந்தச் சின்ன ஃப்யூஸ் மட்டும் போகட்டும், மொத்த இண்டிகேட்டரும் அதோடு சேர்ந்து போக வேண்டாம்.

எர்த்தை, அதாவது பட்டையின் கறுப்பு நெகட்டிவ் வயரை எங்கே கொடுப்பது என்பதில் எலக்ட்ரிஷியன் அண்ணனோடு கொஞ்சம் வாக்குவாதம். கதவுக்குள்ளேயே ஒரு ஸ்க்ரூவில் கொடுத்துவிடலாம் என்றார். கதவு பாடியோடு சேர்வது கீல் வழியாக, அந்தக் கீலில் பெயிண்ட் இருக்கிறது, கிரீஸ் இருக்கிறது. அதை நம்பி எர்த் கொடுத்தால் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் விளக்கு தன் இஷ்டத்துக்குச் சிமிட்டும். அந்தக் கறுப்பு வயரையும் கூடவே இழுத்து டேஷ்போர்டுக்குக் கீழே பாடியில் கொடுத்தோம்.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே வயர் போகிற இடத்தில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். துளையில் குரோமெட் என்கிற ரப்பர் வளையம் இல்லாமல் வயரை விடக்கூடாது, தகரத்தின் விளிம்பு அறுத்துவிடும். கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டுதான் நீளத்தை முடிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் முதல் தடவை கதவைத் திறக்கிறவரே வயரைப் பிடுங்கிவிடுவார். அப்புறம், வயர் குரோமெட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி விட வேண்டும். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டேதான் வரும், அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றியதும் ஜன்னல் கண்ணாடியை ஒரு தடவை முழுக்க இறக்கி ஏற்றிப் பார்த்து, அது போகிற வழியை விட்டு ஒதுக்கி வயரை டை போட்டுக் கட்டினோம்.

பட்டையை ஒட்டுவதில் அவசரம் ஆகாது. மிரர் கவரில் பாலிஷ் போட்டிருப்பார்கள், ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் இரட்டைப் பக்க டேப்பில் அழுத்தி ஒட்டி, ஒரு நாள் தண்ணீர் படாமல் விட்டோம். மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் சிலிக்கான், அடியில் மட்டும் போடவில்லை, தப்பித்தவறி உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி வேண்டுமே. பட்டையின் உள்முனையில் ஒரு துண்டு கறுப்பு டேப். பகலில் அது எதற்கு என்றே தோன்றாது, ராத்திரி திரும்பும்போது ஆரஞ்சு வெளிச்சம் டிரைவர் கண்ணின் ஓரத்தில் வெட்டி வெட்டி அடிக்கும்போதுதான் தெரியும்.

சட்டம் பற்றிக் கேட்பீர்கள். இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்க வேண்டும், மேலே சொன்ன வேகத்தில் சிமிட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது, ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படுகிற மாதிரி எதையும் மாற்றக்கூடாது என்கிறது. இந்தப் பட்டையால் ஆர்சியில் எதுவும் மாறாது. ஆனால் சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) சோதனை உண்டு, அங்கே பார்க்கிற ஆய்வாளர் சொல்வதுதான் முடிவு. நீலம், பச்சை, ஓடுகிற விளக்கு, டிஸ்கோ விளக்கு எல்லாம் கூட இருந்தால் அவர் இதையும் சேர்த்துத்தான் கழற்றச் சொல்வார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. வாரண்டியில் இருக்கிற புது வண்டி என்றால் வயரில் கைவைப்பதற்கு முன்னால் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாட்டிய பிறகு எங்கள் டிரைவர் தம்பி சொன்னது: "அண்ணே, முன்னெல்லாம் ஹாரன் அடிச்சாதான் நிப்பானுங்க, இப்ப மூஞ்சிக்கு நேரா எரியுதுல்ல, அவனுங்களே கால ஊனிடறானுங்க." எல்லோரும் அப்படி நிற்பதில்லை, அதையும் அவரே சொன்னார். ஹெல்மெட்டுக்குள் போனைச் சொருகிப் பேசிக்கொண்டு வருகிறவருக்கு எந்த விளக்கும் உதவாது.

மிரரை ஒட்டி, கதவுக்கு வெளியே வயர் வருகிற இடத்தில் ஒரு வாட்டர்ப்ரூஃப் கப்ளர் போட்டுவிடுங்கள். நகருக்குள் ஓடுகிற பிக்கப்பின் மிரருக்கு ஆயுள் குறைவு, ஏதாவது ஒரு ஷேர் ஆட்டோ என்றைக்காவது உரசிக் கொண்டுபோகும், அன்றைக்கு டோர் பேடைத் திரும்பக் கழற்றாமல் கப்ளரைப் பிடுங்கிப் புது மிரரை மாட்டிக்கொள்ளலாம். பட்டையை எப்படியும் ஜோடியாகத்தான் விற்கிறார்கள், முடிந்தால் இரண்டு ஜோடி வாங்கி வையுங்கள். இடது பக்கத்துப் பட்டைதான் முதலில் உடையும்.