கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

அமெரிக்காவில் ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் எனக்கு வேலை. வரைபடமும் தரவும்தான் என் பாடு. தீயைப் பற்றித் தெரிந்தது அடுப்போடு சரி. ஆனாலும் கவுண்டியின் தீயணைப்பு, மீட்புச் சேவையை வெளியாள் வைத்து மதிப்பிட முடிவானபோது, வந்த டெண்டர்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் தீயணைப்பு என்றால் மாநில அரசின் ஒரே துறை. இங்கே ஒரு கவுண்டிக்குள்ளேயே சம்பளக்காரர்களும் தன்னார்வலர்களும் கலந்திருப்பார்கள். சில தன்னார்வ நிலையங்களுக்குக் கட்டடமும் வண்டியும்கூடச் சொந்தம். 'இந்த நிலையம் வேண்டாம்' என்று எவராவது அறிக்கையில் எழுதினால் ஊரே திரண்டு வந்து சண்டை போடும். அதனால்தான் எழுதுகிறவர் யார் என்பதற்கே 100-க்கு 30 மதிப்பெண்.

பயோடேட்டாக்கள் பளபளத்தன. ஓய்வுபெற்ற தலைமை அதிகாரிகள், எமிட்ஸ்பர்கில் உள்ள தேசியத் தீயணைப்பு அகாடமியில் எக்ஸிகியூட்டிவ் ஃபயர் ஆஃபீசர் பயிற்சி, சி.பி.எஸ்.இ. வழங்கும் சீஃப் ஃபயர் ஆஃபீசர் தகுதி. (சி.பி.எஸ்.இ. என்றதும் எனக்குப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. இது சென்டர் ஃபார் பப்ளிக் சேஃப்டி எக்செலன்ஸ்.) லேசில் கிடைக்கிற தகுதிகள் இல்லை இவை. ஆனால் ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், பயோடேட்டாவில் முதலில் இருந்த பெரிய அதிகாரி பத்து நிமிடம் வீடியோவில் முகம் காட்டிவிட்டுப் போய்விட்டார். வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்று கேட்டால் மழுப்பல். அங்கேயே நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

எல்லா நிறுவனங்களுக்கும் எங்கள் அவசர அழைப்புத் தரவில் ஒரு துண்டைக் கொடுத்து, அலசிக் காட்டச் சொல்லியிருந்தோம். என்.எஃப்.பி.ஏ. என்பது தீ பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் அமெரிக்கச் சங்கம். முழுநேரப் படைகளுக்கான அதன் 1710 தரப்படி, தீ விபத்துக்குக் கிளம்ப 80 விநாடி, முதல் வண்டி போய்ச் சேரப் பயண நேரம் 240 விநாடி. நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்புகளில் இது நடக்க வேண்டும். மூன்று பேர் சராசரியைப் போட்டுக் காட்டினார்கள். ஊர் நடுவில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வரும் அழைப்புகள் சராசரியை இறக்கிவிடும். எல்லையில் உள்ள பண்ணைவீட்டுக்காரர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது அதற்குள் காணாமல் போகும்.

நான்காவது நிறுவனத்திலிருந்து வந்தவர் முன்னாள் டிஸ்பாட்சர், அதாவது அவசர அழைப்பை வாங்கி வண்டியை அனுப்புகிறவர். அதிகாரிப் பதவி எதுவும் வகித்ததில்லை. தன்னார்வ நிலையங்களை 1720 தரத்தில்தான் அளக்க வேண்டும் என்றார்; கிராமப்புறம் என்றால் 80 சதவீத அழைப்புகளில் 14 நிமிடத்துக்குள் ஆறு பேர் போய்ச் சேர வேண்டும். அப்புறம் திரையைக் காட்டிக் கேட்டார்: "இந்த நிலையத்தில் கிளம்பியதற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் அடிக்கடி மூன்றே விநாடிதான். வண்டி பறக்குமா?"

கிளம்பும்போதும் சேரும்போதும் வண்டியில் உள்ள திரையில் ஒவ்வொரு பொத்தானை அழுத்த வேண்டும். வழியில் முதல் பொத்தானை அழுத்த மறந்து, இடத்துக்குப் போனபிறகு இரண்டையும் சேர்த்து அழுத்தியிருக்கிறார்கள். இரண்டு வருடமாக அந்தத் தரவை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காது சூடாகிவிட்டது.

விண்ணப்பப் படிவத்தில் 'தீயணைப்பு அதிகாரியாகப் பணியாற்றிய ஆண்டுகள்' என்ற கட்டத்தில் அவருக்குப் பூஜ்யம். நான் முப்பதுக்கு 27 போட்டேன். மற்றவர்கள் போடவில்லை, அந்த நிறுவனம் இரண்டாவதாக வந்தது.

மறுவாரம் அந்த நிலையத்துக்கே போனேன். கேப்டன் ஒன்றும் சொல்லாமல் தன் கையுறையைக் கழற்றி நீட்டினார். "இதைப் போட்டுக்கொண்டு, வண்டி ஓடும்போது அந்தத் திரையில் 'கிளம்பியாச்சு' பொத்தானை அழுத்துங்கள் பார்ப்போம்."

நின்ற வண்டியிலேயே எனக்கு மூன்று முறை தப்பியது.