ஒரு சொல்லைப் பாடாமல் பேசியவர்

பாட்டு கிளாஸில் வாங்கிய குட்டுகளில் ஒன்று மட்டும் இன்னும் மறக்கவில்லை. சரணத்தில் உணர்ச்சி முட்டி, ஸ்வரத்தைக் கோட்டை விட்டு, கிட்டத்தட்டப் பேசியே விட்டேன். "அழணும்னா வீட்ல போய் அழு. இங்க பாடு" என்றார் டீச்சர்.

ஓபரா என்கிற, பாடி நடிக்கும் இசை நாடகத்தில் பேர்பெற்ற ஜெர்மன் பாடகி வில்ஹெல்மினே ஷ்ரோடர்-டெவ்ரியன்டைப் பற்றிப் படித்தபோது அந்தக் குட்டு திரும்பவும் வலித்தது.

1804இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். அம்மா சோஃபி ஷ்ரோடர் பேர்பெற்ற நாடக நடிகை, அப்பா ஓபரா பாடகர். மகளும் நாடக மேடையேறிவிட்டுத்தான் பாட்டுக்கு வந்தார். 1822 நவம்பரில், வியன்னாவில், பீத்தோவனின் 'ஃபிடெலியோ' ஓபராவில் லியோனோரே வேடம். வயது 17!

கணவனைக் காப்பாற்ற ஆண் வேடமிட்டுச் சிறைக்குள் நுழைந்தவள் லியோனோரே. பாதாள அறையில் கொலைகாரனுக்கு நேரே துப்பாக்கியை நீட்டி, இனி சத்தம் வந்தால் நீ பிணம் என்கிறாள். கடைசிச் சொல் 'டோட்', செத்தாய். வில்ஹெல்மினே அந்த ஒரு சொல்லை மட்டும் பாடமாட்டார், பேசிவிடுவார். பாட்டிலிருந்து சட்டென்று தரையில் விழுந்தது போலிருந்தது என்கிற பொருளில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் பின்னாளில் எழுதினார். செவி போய்விட்ட பீத்தோவன் தன் கன்னத்தைத் தட்டிப் பாராட்டியதாக வில்ஹெல்மினேவே சொல்லியிருக்கிறார். கேட்க முடியாதவர் எதைப் பாராட்டினார்? முகத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

வில்ஹெல்மினேவுக்கு நல்ல குரலா என்று கேட்டவர்களுக்கு, குரலே கிடையாது, மூச்சை ஆளத் தெரிந்தவர் என்று பதில் சொன்னவரும் வாக்னர்தான். டீச்சர் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

1823 முதல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம்தான் அவருக்கு மேடை. வாக்னரின் மூன்று ஓபராக்கள் அங்கே அவரோடுதான் அரங்கேறின: 1842இல் 'ரியென்ஸி'யில் அட்ரியானோ என்ற இளைஞன், 1843இல் 'பறக்கும் டச்சுக்காரன்' சென்டா, 1845இல் 'டான்ஹாய்சர்' வீனஸ். காதல் தேவதையாக நின்றபோது வயது 40.

மூன்று கல்யாணம், இரண்டு விவாகரத்து, 1849 டிரெஸ்டன் கிளர்ச்சியில் மக்கள் பக்கம் நின்று மாட்டிக்கொண்ட வழக்கு. இவையெல்லாம் தனிக்கதை. இசையமைப்பாளர் ஷூமன் தன் 'கவிஞனின் காதல்' பாடல்தொகுப்பை இவருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

1860இல் கோபுர்க்கில் இறந்தார். குரலைப் பதிவுசெய்யும் எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877இல். 17 வருஷம் தப்பிவிட்டது.

இப்போது யார் பாடிய 'ஃபிடெலியோ' கிடைத்தாலும் சிறைக் காட்சி வந்ததும் ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டுகிறேன். இந்தப் பாடகி பாடப்போகிறாரா, பேசப்போகிறாரா?