சிவப்பு ஏறாத பிளேட்

மார்ச் 4, 2025
சத்தம் பாக்டீரியாவ மாத்துமான்னு பாக்குற சோதனைய ஒருவழியா ஆரம்பிச்சாச்சு. ரெண்டு தெர்மாகோல் பெட்டி, ஒண்ணுக்குள்ள சின்ன ஸ்பீக்கரும் ஆம்ப்பும், இன்னொண்ணு சும்மா. ரெண்டுலயும் செரேஷியா மார்செசென்ஸ்ங்கிற பாக்டீரியா போட்ட பிளேட் (ஜெல்லி மாதிரி அகார் ஊத்தின வட்டத் தட்டு) மூணு மூணு. இந்த பாக்டீரியாவைப் பிடிச்சதுக்குக் காரணமே அதோட நிறம்தான், ப்ரோடிஜியோசின்னு ஒரு சிவப்பு பிக்மென்ட் பண்ணும், மாற்றம் வந்தா கண்ணாலயே தெரிஞ்சிடும். 1 கிலோஹெர்ட்ஸ் சத்தம், ரெண்டு நாள் நிக்காம ஓடட்டும்.

மார்ச் 6
மூடியத் திறந்ததும் கை நடுங்கிடுச்சு. சத்தமில்லாத பெட்டில காலனி, அதாவது பாக்டீரியா கூட்டமா வளர்ந்த புள்ளிங்க, எல்லாம் குங்குமத்தக் கரைச்சு விட்ட மாதிரி பளபளன்னு இருக்கு, சத்தம் கேட்ட மூணு பிளேட்டும் வெளிறிப்போய் மோர் நிறத்துல, ஓரத்துல மட்டும் லேசா ரோஸ். ஓடிப்போய் மேடம்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, "உள்ள எவ்வளவு சூடுன்னு பாத்தியாம்மா?"ன்னு மட்டும் கேட்டாங்க. பாக்கலை.

மார்ச் 7
தெர்மாமீட்டர் வச்சாச்சு. சும்மா பெட்டி 29, ஸ்பீக்கர் பெட்டி 37. ஆம்ப் சூடு முழுக்க தெர்மாகோலுக்குள்ளயே அடைஞ்சிருக்கு. செரேஷியா 30 டிகிரி பக்கம் நல்லா சிவக்கும், 37ல வளரும் ஆனா நிறம் வராது. ராத்திரி தூக்கமே வரல.

மார்ச் 10
விடக்கூடாதுன்னு படிச்சிட்டே இருக்கேன். ஜப்பான்ல மாட்சுஹாஷி குழு 1998லயே ஒரு பேசிலஸ் வகை பாக்டீரியா, கஷ்டமான சூழ்நிலைல, 6லிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் சத்தத்துக்கு அதிகமா காலனி போட்டுச்சுன்னு எழுதியிருக்காங்க. 2024ல ஆஸ்திரேலியா ஃபிளிண்டர்ஸ் யுனிவர்சிட்டில டிரைக்கோடெர்மாங்கிற பூஞ்சைக்கு தினமும் அரை மணி நேரம் 80 டெசிபெல் போட்டதுல வளர்ச்சியும் ஸ்போரும், அதாவது அதோட வித்துக்களும், கூடியிருக்கு. அப்ப ஏதோ நடக்குது. ஆனா எப்படி? 1 கிலோஹெர்ட்ஸ் அலை காத்துல 34 சென்டிமீட்டர் நீளம், செல்லோ ஒண்ணு ரெண்டு மைக்ரான், அலை லட்சம் மடங்குக்கும் மேல பெரிசு, அதனால செல்லோட ரெண்டு முனைலயும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒண்ணேதான். போதாததுக்கு காத்துல வர்ற சத்தம் தண்ணில பட்டா அதோட சக்தில ஆயிரத்துல ஒரு பங்குதான் உள்ள போகும், மிச்சம் திரும்பிடும், அகாரும் பெரும்பாலும் தண்ணிதானே. ஈ.கோலைங்கிற பாக்டீரியாவோட மெம்பிரேன்ல, அதாவது செல்லச் சுத்தி இருக்கிற சவ்வுல, எம்எஸ்சிஎல்னு சின்ன வாசல் மாதிரி ஒரு சேனல் இருக்கு, இழுத்தா திறக்கும், ஆனா அது செல் தண்ணி ஏறி வெடிக்கிற நிலைக்கு வரும்போது திறக்கிறது, இவ்வளவு மெல்லிய அதிர்வுக்குத் திறக்குமான்னு எனக்கு நம்பிக்கை வரல. பிளேட்டே அதிர்றது, அகாருக்குப் பதிலா பிராத்ங்கிற திரவத்துல வளர்த்தா அது கலங்கி ஆக்ஸிஜன் கூடறது, இதையெல்லாம் பிரிச்சுப் பாக்காம சத்தம்னு சொல்றது தப்புன்னு படுது.

மார்ச் 13
மூணாவது பெட்டில சத்தமே இல்லாம ஒரு பல்பு மட்டும் போட்டு 37க்குக் கொண்டுவந்தேன். பிளேட்டுக்கு வெளிச்சம் படக்கூடாதுன்னு ஃபாயில் சுத்தி வச்சேன். அதே மோர் நிறம், அதே ரோஸ் ஓரம். பழைய பிளேட் போட்டோவ பக்கத்துல வச்சா எது எதுன்னு எனக்கே தெரியல.

மார்ச் 18
ஆம்ப்ப வெளில எடுத்துட்டு, ஸ்பீக்கரையும் மூடில ஓட்டை போட்டு பின்பக்கம் வெளிய இருக்கிற மாதிரி மாட்டிட்டோம், லேப் அண்ணாதான் அறுத்துக் குடுத்தார். சும்மா பெட்டிலயும் அதே மாதிரி ஒரு ஸ்பீக்கர், ஆனா இணைப்பு குடுக்கல. ரெண்டும் 29. ஆறு பிளேட்டும் ஒரே சிவப்பு. 1 கிலோஹெர்ட்ஸ் நிறத்த மாத்தலை, என் பெட்டில, இந்த வால்யூம்ல, அவ்வளவுதான் சொல்ல முடியும். சாயங்காலம் பிளேட்டுக்கு அடில ஸ்பாஞ்ச் வச்சு 8 கிலோஹெர்ட்ஸ் போட்டிருக்கேன். கிளம்புறப்போ ரெண்டு தெர்மாமீட்டரும் 29தான் காட்டுச்சு.