ஏழாம் நம்பர்

ஜூன் 14
அப்பாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

ஜூன் 15
கம்ப்யூட்டருக்குள் ஆடும் கால்பந்தில், நான் புரோகிராம் எழுதும் அணியின் ஏழாம் நம்பர் இன்றும் பந்தைப் பார்க்காமல் நின்றுவிட்டான். மேலிருந்து முழு மைதானமும் எனக்குத் தெரிகிறது. அவனுக்கு முகம் திரும்பிய பக்கம் மட்டும்தான். தூரம் கூடக்கூட அதுவும் குத்துமதிப்பு. பதினொரு பேரும் தனித்தனி புரோகிராம்கள், ஒருவன் மனதில் இருப்பது அடுத்தவனுக்குத் தெரியாது. கத்திச் சொல்லலாம், ஆனால் ஒரு தடவைக்கு 10 எழுத்துதான். 50 மீட்டர் தாண்டினால் கேட்காது. இதற்குள் ஆட்டம் முழுக்க 6000 தடவை முடிவெடுக்கணும், ஒவ்வொன்றும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள். பாவம் அவன்.

ஜூன் 17
குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாம். பாளையங்கோட்டையில் காற்று மட்டும்தான். சித்தி சொதி கொடுத்துவிட்டிருந்தாள். அப்பா ரெண்டு வாய்தான் சாப்பிட்டார்.

ஜூன் 18
வார்டில் அப்பாவுக்கு லேப்டாப்பில் ஆட்டம் காட்டினேன். வ.உ.சி. மைதானத்தில் ஆடிய ஆள், சும்மா இருப்பாரா? "ஏட்டி, பந்து வரதுக்கு முந்தியே தோளுக்குப் பின்னால ஒரு பார்வை பாத்துரணும்லா. அதுக்கப்புறம் பாத்து என்ன செய்ய?"

ஓடிக்கொண்டே கழுத்தைத் திருப்ப சிமுலேட்டரில் இடமுண்டு, இரண்டு பக்கமும் 90 டிகிரி வரை. ராத்திரியே எழுதிவிட்டேன். அவன் திரும்பினான்! பாஸ் போய்ச் சேர்ந்தது.

ஜூன் 19
சதுரங்க சாம்பியன் காஸ்பரோவை டீப் புளூ கம்ப்யூட்டர் வென்றது 1997 மே மாதம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானின் நகோயாவில் முதல் ரோபோகப், ரோபோக்களின் கால்பந்துப் போட்டி. என் சிமுலேட்டர் ஆட்டமும் அதில் ஒரு பிரிவுதான். சதுரங்கப் பலகையில் மறைவு கிடையாது, எல்லாக் காயும் கண்முன்னே இருக்கும். கால்பந்தில் பாதிக்குமேல் தெரியாது, காத்திருக்கவும் முடியாது. அறிவை அளக்க இதுதான் சரியான இடம் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

2050க்குள் உலகக் கோப்பை சாம்பியனை மனித உருவ ரோபோ அணி ஃபிஃபா விதிப்படி ஜெயிக்கணும் என்பது ரோபோகப்காரர்கள் வைத்த இலக்கு. அப்பாவுக்கு அப்போது 83. பெரிய வயசில்லை. ஆச்சி 91 வரை இருந்தாள்.

ஜூன் 20
டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸும் சொல்லவில்லை. யாராவது பத்து எழுத்தாவது சொல்லக்கூடாதா?

ஜூன் 22
கழுத்து சரி. இப்போது கோலி முன்னால் ஓடி வந்துவிடுகிறான். அப்பாவிடம் கேட்கணும்.

ஜூன் 23
காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. ஆட்டங்களை ராத்திரி முழுக்க ஓடவிட்டிருக்கிறேன். சார்ஜரைப் பையில் வைக்கணும்.