162 கார்டுகளும் இரண்டு தகர டப்பாக்களும்

சென்ற மாதம் ஏற்காட்டில் என் சின்ன மாமா குடியிருந்த வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பரணில், பித்தளைக் குடங்களுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் தகர டப்பா இருந்தது. மூடியைத் திறப்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் மாமா மகனுக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு இணையான இன்னொரு டப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. இரண்டும் 1991 கோடையில் ஒரே பெட்டியிலிருந்து பிரிந்தவை.

அந்தப் பெட்டியை அமெரிக்காவில் வேலை பார்த்த பெரிய மாமா கொண்டுவந்திருந்தார். அமெரிக்காவின் மார்வல் காமிக்ஸ் சாகச வீரர்களின் படம் போட்டு, இம்பெல் என்ற நிறுவனம் 1990-இல் வெளியிட்ட மார்வல் யுனிவர்ஸ் கார்டுகளின் முதல் வரிசை அது. பெட்டிக்கு 36 பாக்கெட், பாக்கெட்டுக்கு 12 கார்டு. முழுத் தொகுப்பு 162 கார்டுகள் கொண்டது. அதற்குமேல் ஐந்து ஹாலோகிராம் கார்டுகள் உண்டு, அவை ஏதோ ஒரு சில பாக்கெட்டுகளில்தான் அகப்படும். பெரிய மாமா பெட்டியைச் சரிபாதியாகப் பிரித்து, எனக்குப் பதினெட்டுப் பாக்கெட்டும் ஏற்காட்டு மச்சானுக்குப் பதினெட்டுப் பாக்கெட்டும் கொடுத்தார். ஆளுக்கு 216 கார்டு கிடைத்தும் அவற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை வந்ததே திரும்ப வந்தவை என்பதால், இருவரில் ஒருவரிடமும் தொகுப்பு முழுமையாக இல்லை. அன்று தொடங்கிய பண்டமாற்று இரண்டு ஆண்டுகள் நடந்தது. மாதம் ஒரு ஞாயிறு அவன் மலையிலிருந்து இறங்கி வருவான், அல்லது நான் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போவேன்; எங்கள் இருவர் சட்டைப் பையிலும் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு இருக்கும். 'சீட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்குச் சீட்டாட்டம்தான் நினைவுக்கு வந்தது என்பதால், வீட்டில் அவற்றைக் கார்டு என்று மட்டுமே சொல்லப் பழகிக்கொண்டோம்.

அதற்கு முன்பு நாங்கள் சாகச வீரர்களை அறியாதவர்கள் அல்லர். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களைச் சேர்த்து வைத்திருந்த தலைமுறை எங்களுடையது. இரும்புக்கை மாயாவி எங்களுக்கு வீட்டு மனிதர் மாதிரி. அவர்களெல்லாம் பெரும்பாலும் பிரிட்டிஷ் இதழ்களிலிருந்து வந்தவர்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. 'ஸ்பைடர்' என்றால் எங்களுக்குக் கூரான காதும் கருப்பு உடையுமாக இருக்கும் அந்த பிரிட்டிஷ் ஸ்பைடர்தான். ஆகையால் சிவப்பும் நீலமுமாக ஒருவன் வலையில் தொங்கும் கார்டு கைக்கு வந்தபோது, அதே பெயரில் வேறு ஒருவன் எப்படி இருக்க முடியும் என்று நானும் மச்சானும் ஒரு மதியம் முழுவதும் வாதிட்டோம். மங்கிய தாளில் கருப்பு வெள்ளையாகவே படக்கதை படித்துப் பழகிய கண்களுக்கு, வழவழப்பான கெட்டி அட்டையில் அத்தனை வண்ணங்களைப் பார்ப்பது பெரிய விஷயமாக இருந்தது. ஆனால் இப்போது திரும்பப் பார்க்கும்போது, எங்களைக் கட்டிப்போட்டது முன்பக்கத்துப் படங்களைவிடப் பின்பக்கம்தான் என்று உறுதியாகத் தோன்றுகிறது.

பின்பக்கத்தில் வீரனின் உண்மைப் பெயர், உயரம், எடை, முதலில் தோன்றிய இதழ் ஆகியவற்றுடன் ஒரு கணக்கும் இருக்கும்: போட்ட சண்டைகள் எத்தனை, வென்றவை எத்தனை, தோற்றவை எத்தனை, சமனில் முடிந்தவை எத்தனை, வெற்றி விழுக்காடு எவ்வளவு. எண்கள் கிடைத்தால் சிறுவர்கள் சும்மா இருப்பார்களா? கிரிக்கெட் வீரர்கள், மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டை, ஏதாவது ஓர் எண்ணைக் கூப்பிட்டு யாருடையது பெரிதோ அவருக்கே கார்டு என்று விளையாடிப் பழகியிருந்த நாங்கள், இந்த கார்டுகளையும் அப்படியே ஆடத் தொடங்கிவிட்டோம். ஹல்க் கையில் இருந்தால் எடையைக் கூப்பிடுவோம். வேறு எதுவும் தேறாது என்று தெரிந்தால் வெற்றி விழுக்காட்டைக் கூப்பிட்டுப் பார்ப்போம். ஆட்டத்துக்கு உதவாத கார்டுகளும் கட்டில் நிறைய இருந்தன. 'ரூக்கி' என்று தலைப்பிட்ட சில கார்டுகள், அணியாக நின்று எடுத்த நிழற்படம் போன்ற சில, பழைய இதழ்களின் அட்டைகளை 'மிக மதிப்புள்ள காமிக்ஸ்' என்று காட்டும் சில, ஸ்பைடர்மேன் மற்றவர்களைப் பேட்டி காண்பதாக அமைந்த சில. இவை எதற்காக என்று எங்களுக்கு விளங்கவே இல்லை. அவற்றைத் தனியாகக் கட்டி டப்பாவின் அடியில் போட்டுவிட்டோம்.

அவை எதற்காக என்பது மிகவும் பிந்தித்தான் எனக்குப் புரிந்தது. இந்தத் தொகுப்பைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் அதுதான். இது சாகச வீரர்களை வைத்துச் செய்த பேஸ்பால் கார்டுத் தொகுப்பு. அமெரிக்கச் சிறுவர்கள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் கார்டுகளைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வந்திருக்கிறார்கள். டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட தொகுப்பில் முன்பக்கம் ஆட்டக்காரரின் படமும், பின்பக்கம் அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் ஆட்டக் கணக்கும் இருந்தன. அந்த அமைப்பே பின்னர் வழக்கமாக நிலைத்தது. ஓர் ஆட்டக்காரர் அறிமுகமாகும் காலத்தில் வரும் முதல் கார்டுக்கு ரூக்கி கார்டு என்று பெயர். அதற்குத்தான் மதிப்பு அதிகம். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு 'மிக மதிப்புள்ள ஆட்டக்காரர்' என்ற விருது உண்டு. ஒவ்வோர் அணிக்கும் ஒரு குழுப்படக் கார்டு உண்டு. இம்பெல் தொகுப்பைச் செய்தவர்கள் இந்த இலக்கணத்தை அணுவளவும் விடாமல் மார்வல் உலகத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். 1990-இல் புதிய உருவில் வந்திறங்கிய கோஸ்ட் ரைடர் 'ரூக்கி'யாக இருப்பதும், அணிகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வதும், ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பட்டத்தை ஒரு காமிக்ஸ் இதழுக்குக் கொடுப்பதும் அப்படித்தான் வந்தன. வெற்றி விழுக்காடும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே.

பேஸ்பால் மட்டையைக் கண்ணால்கூடப் பார்த்திராத நாங்கள் அந்தக் கணக்கைக் கொண்டு வேறோர் ஆட்டம் ஆடினோம் என்பதில் எனக்கு வருத்தமில்லை. தொகுப்பின் பாதிச் சுவையை முப்பது ஆண்டு கழித்துத்தான் அறிந்தேன் என்பதில் மட்டும் கொஞ்சம் உண்டு. டப்பாவின் அடியில் கிடந்த அந்தக் கட்டை இப்போது அவிழ்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். 'மிக மதிப்புள்ள காமிக்ஸ்' வரிசையை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். 161-ஆம் எண்ணில் ஒரு கதாபாத்திரத்துக்குப் பதிலாக, மார்வல் கதைகளை எழுதிய ஸ்டான் லீ அவர்களே நிற்பதை முதல்முறையாகப் பொருள் தெரிந்து பார்த்தேன். சிறுவயதில் யாரோ ஒரு பெரியவர் என்று தள்ளிவைத்த கார்டு அது.

கணக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மாயாவி தோற்றதாக எங்களுக்கு நினைவில்லை. கதையின் நடுவே மாட்டிக்கொண்டாலும் கடைசிப் பக்கத்தில் வென்றுவிடுவார். இந்த கார்டுகளிலோ ஒன்றாம் எண் கேப்டன் அமெரிக்கா தொடங்கி எல்லோருக்கும் தோல்வி என்று ஒரு வரி இருந்தது, அதற்கு நேரே ஓர் எண்ணும் இருந்தது. வில்லன்களுக்கும் வெற்றி என்ற வரி இருந்தது. பத்து வயதில் அது எனக்கு அதிர்ச்சியாகவும், ஏனென்று சொல்லத் தெரியாத ஆறுதலாகவும் இருந்தது. அந்த எண்களை யாரும் கதைகளைப் படித்து எண்ணிச் சொன்னதாக இருக்க முடியாது என்று வளர்ந்தபின் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு வீரனின் தோல்வியையும் கணக்கில் எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

என் பங்கில் ஒரே ஒரு ஹாலோகிராம் வந்தது. அது சில்வர் சர்ஃபர். உடம்பு முழுக்க வெள்ளியாக, பலகைமீது விண்வெளியில் சறுக்கிவரும் அந்த வீரன் 1966-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48-ஆம் இதழில் முதலில் தோன்றியவன். கதை பேசும்போது அப்படியொரு பாத்திரமே கிடையாது என்றும், ஓவியர் ஜாக் கிர்பி தாமாகவே வரைந்து சேர்த்து அனுப்பிய பக்கங்களில்தான் அவனைப் பார்த்ததாகவும் ஸ்டான் லீ சொல்லியிருக்கிறார். என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். வெள்ளி மனிதன் என்று சொன்னதும் கார்டை வாங்கி, பட்டறை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் சாய்த்துப் பிடித்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் சாம்பல் பூத்ததுபோல் இருந்த உருவம் வெயிலில் அட்டையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி நின்றது. பலகையின் விளிம்பில் பச்சை ஓடி, கையை அசைத்ததும் ஊதாவாக மாறியது. அப்பா பட்டறை லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது வரைஞ்சது இல்ல கண்ணு, டை அச்சு போட்டு அழுத்துனது. விரல் வெக்காத, வரி மங்கிடும்" என்றார்.

அடுத்து கேப்டன் அமெரிக்கா கார்டை அதே லென்ஸுக்குக் கீழே வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். முகத்தின் நிறம் என்று நான் நினைத்திருந்தது அங்கே இல்லை. மஞ்சள் புள்ளிகளும் அவற்றுக்கிடையே சிவப்புப் புள்ளிகளும்தான் இருந்தன. வரிசை வரிசையாக, கோலத்துக்கு வைத்த புள்ளிபோல. ஹாலோகிராமில் லென்ஸுக்கு எந்தப் புள்ளியும் தென்படவில்லை, வரியும் தென்படவில்லை. அப்பா வரி என்று சொன்னது கைப்பழக்கத்தில் சொன்னது. அவர் சொன்னது அப்படியே சரி என்று பல ஆண்டு கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன்: இவ்வகை ஹாலோகிராம்கள் நிக்கல் அச்சைக்கொண்டு, அலுமினியம் பூசிய மெல்லிய படலத்தின்மீது கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளாக அழுத்தப்படுகின்றன, அந்த வரிகளில் பட்டுச் சிதறும் ஒளிதான் உருவமாகிறது. வெள்ளித் தகட்டில் டை அடித்து வாழ்நாளைக் கழித்த ஒருவர், பார்த்த ஒரு நிமிடத்தில் தம் தொழிலின் உறவுக்காரனை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

ஏற்காட்டு டப்பாவைக் கீழே கொண்டுவந்து, எங்கள் கூடத்தில் பாய் விரித்து, இரண்டையும் கொட்டி எண் வாரியாக அடுக்கினோம். எந்த கார்டு எந்த ஊரில் இருந்தது என்பதைப் பார்க்காமலே விரலால் சொல்லிவிடலாம். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் பனியிலும் மழையிலும் கிடந்தவை லேசாக வளைந்து, கூரை ஓடுபோல் முதுகு தூக்கியிருந்தன. சிலவற்றின் பின்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகளும் விழுந்திருந்தன. சேலத்து வெயிலில் இருந்தவை தட்டையாகவே இருந்தன, ஆனால் ஓரங்களில் வெண்மை போயிருந்தது. ஆடித் தேய்ந்த கார்டுகள் மட்டும் இரண்டு டப்பாவிலும் ஒரே மாதிரி இருந்தன: வலப்பக்கக் கீழ்மூலை நைந்து, அட்டை இரண்டு மூன்று ஏடாகப் பிரிந்து, பஞ்சுபோல் ஆகியிருந்தது. கட்டைவிரல் படும் இடம் அது. இந்த வணிகம் தெரிந்தவர்கள் இப்படிப்பட்ட மூலையைப் பார்த்தால் கார்டைக் கீழே வைத்துவிடுவார்கள். நைந்த கார்டும் நைவில்லாத கார்டும் இரண்டு இருந்த இடங்களில், நாங்கள் பேசி வைத்துக்கொள்ளாமலே நைந்ததைத்தான் எடுத்து வைத்தோம்.

ஒன்பது அறைகள் கொண்ட நெகிழித் தாள்களை வரவழைத்திருந்தேன். 162 கார்டுக்குப் பதினெட்டுத் தாள். கடைசித் தாளின் கடைசி அறையில் 162-ஆம் எண், தொகுப்பின் எல்லா கார்டுகளையும் வரிசையிட்டுக் காட்டும் பட்டியல் கார்டு, மிச்சமில்லாமல் அமர்ந்துகொள்கிறது. எங்களுடைய பட்டியல் கார்டில் மச்சான் பென்சிலாலும் நான் நீல மையாலும் போட்ட குறிகள் இருக்கின்றன. சில எண்களின் பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன. ஒன்று முதல் வரிசையாகச் செருகிக்கொண்டு வந்தபோது மூன்று அறைகள் காலியாக நின்றன. ஆறாம் தாளில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. மிகப் பெரிய அளவில் அச்சிடப்பட்ட தொகுப்பு என்பதால், அவற்றைத் தனித்தனியாகத் தேடி வாங்குவது இன்று கடினமில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக் கேட்டுச் சலித்த எண்கள்தாம் அவை. இருவரிடமும் அவை இருந்ததே இல்லை என்பது பாயில் அடுக்கிய பிறகுதான் தெரிந்தது.

மச்சான் அன்று மாலைப் பேருந்துக்குக் கிளம்பும்போது அந்த எண்களைக் கைபேசியில் குறித்துக்கொள்ளாமல், கூடுதலாக இருந்த ஒரு கார்டின் பின்புறத்தில், தோல்விக் கணக்குக்குக் கீழே, பென்சிலால் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்: 47, 103, 138.